அழுகும் கற்றாழையைப் பிழைக்க வைக்கலாம்

வீட்டு வாசலில் திருஷ்டி கழிய, சோற்றுக் கற்றாழையை வேரோடு பிடுங்கிக் கயிற்றில் கட்டித் தலைகீழாகத் தொங்க விடுவது நம் ஊர்களில் வழக்கம். அதற்கு மண் கிடையாது. தண்ணீர் ஊற்றுவாரும் கிடையாது. ஆனாலும் அது மாதக் கணக்கில் சாவதில்லை. குருத்து மேல் நோக்கி வளைந்து புது மடல் விடுகிறது. சில வீடுகளில் தொங்கியபடியே பூத்தும் விடுகிறது.

அதே வீட்டுக் கொல்லையில், தொட்டியில் வைத்து நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்த கற்றாழை, ஓர் அடைமழைக்குப் பின் அடித்தண்டு கூழாகிச் சாய்ந்து விடுகிறது. கவனிக்காத செடி பிழைக்கிறது. கவனித்த செடி சாகிறது. இது ஏன் என்று புரிந்து கொண்டால், அழுகத் தொடங்கிய செடியையும் பெரும்பாலும் காப்பாற்றி விடலாம்.

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தில் மிளகாய் சாகுபடி செய்யும் ஒரு சிற்றூருக்குப் பயிர்ப் பாதுகாப்பு முகாமுக்காகச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஓர் அம்மையார் பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றை இடுப்பில் சுமந்து வந்தார். அதில் ஒரு பெரிய கற்றாழை இருந்தது. அடி மடல்கள் மஞ்சளும் பழுப்புமாகத் தொங்கின. நடு மடல்கள் மெலிந்து மடங்கியிருந்தன.

“ஐயா, மிளகாய்க்கு மருந்து சொன்னீங்க. இதுக்கு என்ன செய்யலாம்? வாடுதேன்னு தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன். ஊத்த ஊத்த வாடுது” என்றார்.

அவருடைய திருமணத்தின்போது தாய் வீட்டிலிருந்து கொடுத்து அனுப்பிய செடி அது. தாயார் இப்போது இல்லை. செடியைப் பற்றிய கவலைக்கு மற்றொரு காரணமும் இருந்தது. அவர் வீட்டில் ஒரே ஒரு கறவைப் பசு. அதற்கு முந்தைய ஆண்டு மடிநோய் வந்தபோது, கால்நடை மருத்துவர் சொன்னபடி இந்தக் கற்றாழையை அரைத்துத்தான் பூசியிருக்கிறார். “இது போயிட்டா மாட்டுக்கு நான் எங்கே போய் மடல் கேட்பேன்?” என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மடிநோய்க்கு 250 கிராம் சோற்றுக் கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, தண்ணீரில் கரைத்து மடியில் பூசும் மூலிகை முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைத்து வருகிறது. தேசிய பால்வள வாரியமும் இதைப் பரப்பி வருகிறது. நாள் ஒன்றுக்குக் கால் கிலோ மடல் வேண்டும். தொடர்ந்து சில நாள் வேண்டும். நோய் வந்த அன்று கற்றாழை தேடி அலைய முடியாது. செடி வீட்டில் இருக்க வேண்டும். ஆகவே ஒரு வாளிக் கற்றாழையைக் காப்பது அற்பமான காரியம் அல்ல.

தண்ணீரில் நின்று தாகத்தால் வாடும் செடி

கற்றாழை மடலைப் பிளந்தால் தெரியும் கூழில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். வறட்சிக் காலத்துக்குத் தேவையான நீரைச் செடி தன் மடலிலேயே சேமித்து வைத்துக் கொள்கிறது. அதைச் செலவழிப்பதிலும் அது சிக்கனமானது. நெல், மிளகாய் போன்ற பயிர்கள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. அப்போது வெயிலில் ஏராளமான நீர் ஆவியாகிப் போகிறது. கற்றாழையும் அதைப் போன்ற சதைப் பற்றுள்ள பல செடிகளும் பெரும்பாலும் இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறக்கின்றன. அப்போது வாங்கிய கரியமில வாயுவைப் புளிப்பான அமிலமாக மாற்றி வைத்துக் கொள்கின்றன. பகலில் துளைகளை மூடிக் கொண்டு, அந்தச் சேமிப்பிலிருந்து உணவு தயாரிக்கின்றன.

இந்த உண்மைக்கு முதல் தடயம் கிடைத்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சமயப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர ஆய்வாளராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹெய்ன். நம் வேலிகளிலும் தோட்டங்களிலும் உள்ள ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதையும், நண்பகலில் சுவையற்று இருப்பதையும், மாலையில் சற்றுக் கசப்பதையும் அவர் கவனித்தார். அதைப் பற்றி எழுதிய கடிதம் லண்டன் லின்னியன் சங்க வெளியீட்டில் 1815 இல் அச்சாயிற்று. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிறது என்ற விளக்கம் பிற்காலத்தில் தெளிவாயிற்று. வாசகர்கள் இதை மென்று பார்த்துச் சோதிக்க வேண்டாம். ரணகள்ளியில் நச்சுப் பொருள்கள் உண்டு.

இவ்வளவு குறைவாக நீரைச் செலவழிக்கும் செடிக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? ஊற்றிய நீரைச் செடி எடுப்பதில்லை. மண் காய்வதில்லை. மண் துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிற்கிறது. வேர் மூச்சு முட்டிச் சாகிறது. செத்த வேர் வழியாகப் பித்தியம், ஃபுசேரியம் போன்ற பூசணங்கள் நுழைகின்றன. காயம் பட்ட இடத்தில் எர்வினியா வகை பாக்டீரியா புகுந்தால், மடலும் தண்டும் சில நாள்களிலேயே கொழகொழத்துத் துர்நாற்றம் வீசும்.

வேர் செத்த பிறகு, சுற்றிலும் ஈரம் இருந்தாலும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. எனவே மடல் மெலிகிறது. அதைப் பார்த்து நாம் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுகிறோம். தாகத்தால் வாடும் செடியும், அழுகலால் வாடும் செடியும் எட்டி நின்று பார்த்தால் ஒரே மாதிரி தெரிவதுதான் இதில் உள்ள ஆபத்து.

எது தாகம், எது அழுகல்?

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். பிறகு அடி மடலை மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

மண் புழுதியாகக் காய்ந்திருந்து, மடல் மெலிந்து உட்புறமாக மடங்கினாலும் தோல்போல உறுதியாக இருந்தால் அது தாகம். ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டால் சில நாள்களில் மடல் மீண்டும் பருக்கும்.

மண் ஈரமாக இருந்து, மடலின் அடிப்பகுதி நீர் கோத்ததுபோல் கண்ணாடி நிறமாகவோ பழுப்பாகவோ மாறி, அழுத்தினால் விரல் உள்ளே போனால் அது அழுகல். செடியைப் பிடித்து அசைத்தால் வேர் பிடிப்பின்றி ஆடும். முகர்ந்து பார்த்தால் நாற்றமும் அடிக்கலாம்.

வேறு சில மாற்றங்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தரையை ஒட்டிய ஓரிரு மடல்கள் நுனியிலிருந்து மெல்லக் காய்ந்து சருகாவது முதுமை. நிழலில் இருந்த செடியைத் திடீரென்று கடும் வெயிலில் வைத்தால் மடல்கள் செம்பழுப்பாக மாறும். மடல் உறுதியாக இருக்கும் வரை அது நோய் அல்ல; பாதி நிழலுக்கு மாற்றினால் பச்சை திரும்பும். ஆடு கடித்த காயமும் தானே வறண்டு ஆறிவிடும். அந்தக் காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

மடல் இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஒரு மடலில் தெளித்துப் பார்த்து, கருகல் இல்லை என்று கண்ட பிறகு முழுச் செடிக்கும் தெளிப்பது நலம். எறும்பு நடமாட்டத்தையும் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சியைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது எறும்புதான்.

அறுவைச் சிகிச்சை

அழுகல் என்று உறுதியானால் மருந்து தேடி ஓட வேண்டாம். கூழாகிப் போன திசுவை மீண்டும் உயிர்ப்பிக்கும் மருந்து எதுவும் இல்லை. அழுகியதை அறுத்து நீக்கி, நல்ல பகுதியை உலர்த்தி நடுவதே வழி. வேண்டியவை ஒரு கூர்மையான கத்தி, அடுப்புக் கரித்தூள், சிறிது பொறுமை.

முதல் வேலை, செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுப்பது. மண்ணை உதிர்த்து வேரை அலசிப் பாருங்கள். நல்ல வேர் வெளுத்தோ மஞ்சள் சாயலாகவோ, தடித்து உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும்; இழுத்தால் தோல் உருவிக் கொண்டு வரும். வேர் மட்டும் அழுகி, தண்டு உறுதியாக இருந்தால் கெட்ட வேர்களை மட்டும் நறுக்கி விடலாம்.

தண்டும் அழுகியிருந்தால், அழுகிய மடல்களைப் பிய்த்து நீக்கி விட்டுத் தண்டை அடியிலிருந்து துண்டு துண்டாக மேல் நோக்கி அறுத்துக் கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு வட்டமோ புள்ளியோ தெரிந்தால் அழுகல் இன்னும் மேலே இருக்கிறது என்று பொருள். வெட்டு முகம் முழுவதும் ஒரே சீராக வெளுத்து உறுதியாகத் தெரியும் வரை அறுக்க வேண்டும். செடி சிறுத்துப் போகிறதே என்று இரக்கப்பட்டு ஒரு புள்ளியை விட்டு வைத்தால், அந்தப் புள்ளியே பத்து நாளில் மீதிச் செடியையும் தின்றுவிடும்.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தியை நெருப்பில் காட்டியோ, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தோ கொள்ள வேண்டும். ஸ்பிரிட் தடவிய கத்தியை நெருப்பின் அருகே கொண்டு போகக் கூடாது. இரண்டில் ஒன்று போதும். அழுகிய இடத்தில் பட்ட கத்தியை அப்படியே நல்ல இடத்தில் வைத்தால் நோயை நாமே நட்டு வைத்தது போலாகும்.

நடுவதற்கு வசதியாக, நல்ல பகுதியின் அடி மடல்கள் இரண்டு மூன்றை நீக்கி, நான்கு விரற்கடைத் தண்டு வெளியே தெரியும்படி செய்து கொள்ளுங்கள். வெட்டு முகத்தில் நன்றாகப் பொடித்த கரித்தூளைத் தடவுங்கள். கரித்தூள் ஈரத்தை உறிஞ்சும். மஞ்சள் தூளும் தடவலாம். அழுகிய கழிவையும் பழைய மண்ணையும் குப்பைக் குழியில் போடாமல், தள்ளிக் குழி வெட்டிப் புதைத்து விட வேண்டும்.

ஆற விடாமல் நடக் கூடாது

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிர் நோயியலில் டாக்டர் பட்டம் வாங்கிய புதிது. வீட்டில் இருந்த கற்றாழை அழுகியது. மேலே சொன்னபடி சுத்தமாக அறுத்தேன். கத்தியை நெருப்பில் காட்டவும் மறக்கவில்லை. பிறகு, அறுத்த கையோடு புது மண்ணில் நட்டு, ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினேன். பத்து நாளில் செடி கூழாகி விட்டது.

ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் அதைப் பார்த்துவிட்டு, “அறுத்த புண்ணை ஆற விடாம நட்டா எப்படிப்பா? இது என்ன கரும்புக் கரணையா?” என்று கேட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத அவர்கள் சொன்னதுதான் சரி. கரும்புக் கரணை காய்ந்தால் முளைப்பு கெடும். உடனே நட வேண்டும். கற்றாழை அதற்கு நேர்மாறு. அதன் வெட்டு முகம் திறந்த புண். ஈர மண்ணில் வைத்தால் மண்ணில் உள்ள கிருமிகள் அத்தனையும் அந்தப் புண் வழியே உள்ளே போகும். காற்றில் உலர விட்டால் புண்ணின் மேல் ஆடைபோல் கெட்டியான தோல் படியும். அந்தத் தோல் கிருமிக்குக் கதவடைப்பு.

எனவே அறுத்த செடியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் உலர விட வேண்டும். மழைக் காலமானால் பத்து நாள் கூட ஆகலாம். தரையில் வைத்தால் ஈரம் ஏறும். முறத்தில் பரப்பியோ, தாழ்வாரத்து வளையில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்க விட்டோ உலர்த்தலாம். வெட்டு முகத்தைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாமல் கட்டியாக இருக்க வேண்டும். அதுவரை மடல் சற்று மெலியும், கவலை வேண்டாம். வாசலில் தொங்கும் கற்றாழையை நினைத்துக் கொள்ளுங்கள்.

மறு நடவு

புதுத் தொட்டியோ பழைய வாளியோ எதுவானாலும், அடியில் விரல் நுழையும் துளைகள் மூன்று நான்கு இருக்க வேண்டும். துளை இல்லாத வாளியில் கற்றாழை வைப்பது, வடிகால் இல்லாத பள்ளத்தில் மிளகாய் நடுவதற்குச் சமம். பழைய வாளியையே பயன்படுத்துவதானால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

செம்மண் ஒரு பங்கு, பருமணல் அல்லது பொடித்த செங்கல் சல்லி இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அரைப் பங்கு என்று கலந்தால் நீர் தேங்காது. கடல் மணல் கூடாது. அதில் உப்பு இருக்கிறது. கரிசல் மண்ணைத் தனியாகப் பயன்படுத்துவதும் கூடாது. அது ஈரத்தை நீண்ட நாள் பிடித்து வைக்கும். மக்காத சாணமும் யூரியாவும் இப்போது கிட்டே வரக் கூடாது. டிரைக்கோடெர்மா விரிடி கிடைத்தால், ஒரு கைப்பிடி மக்கிய உரத்தில் ஒரு தேக்கரண்டி கலந்து மண்ணோடு சேர்க்கலாம். அழுகல் பூசணங்களை அடக்கும் நன்மை செய்யும் பூசணம் அது.

மண் புழுதி ஈரமாக இருக்கும்போது, தண்டுப் பகுதி மட்டும் மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். மடல்களின் நடுக் குருத்தில் மண் விழக் கூடாது. வேர் இல்லாத செடி சாயும். இரண்டு கற்களை அணைவாக வைக்கலாம். நட்டு ஒரு வாரம் வரை தண்ணீர் விடாதீர்கள். அதன் பிறகு வாரம் ஒரு முறை, மண் ஓரமாக அரைச் செம்பு போதும். முதல் மூன்று வாரம் காலை இளவெயில் மட்டும் படும் இடத்தில் வைத்திருங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் புது வேர் பிடிக்கத் தொடங்கும். பிடித்ததா என்று பார்க்கச் செடியை இழுத்துப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக் கொள்ளுங்கள். இளம் வேர் அறுந்து விடும். குருத்து பச்சை பிடித்து மடல் பருக்கத் தொடங்குவதே அடையாளம்.

எதுவும் மிஞ்சாத நிலையில்

நடுக் குருத்தே அழுகி விட்டால் தாய்ச் செடி பிழைக்காது. அப்போதும் வாளியைத் தூக்கி எறிய வேண்டாம். மண்ணைக் கிளறிப் பாருங்கள். தாய்ச் செடியின் அடியில் பக்கக் கன்றுகள் இருக்கக் கூடும். அழுகல் எட்டாத கன்று ஒரு விரல் நீளம் இருந்தாலும், பிரித்து உலர்த்தி நட்டு விடலாம். சாதாரணக் காலத்தில் நான்கைந்து மடல் விட்ட கன்றைப் பிரிப்பதே நலம்; ஆபத்துக் காலத்தில் அந்த விதியைப் பார்க்க வேண்டாம்.

தனி மடலை மண்ணில் ஊன்றி வைத்து முளைக்கும் என்று காத்திருப்பவர்கள் பலர். ரணகள்ளியின் இலை விளிம்பில் கன்று முளைப்பதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. கற்றாழை மடல் அப்படி முளைக்காது, அழுகித்தான் போகும். தண்டும் குருத்தும் உள்ள பகுதி வேண்டும். பிரண்டைக்குக் கணு உள்ள தண்டுத் துண்டு போதும். அதையும் இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி நடுவது நல்லது. சதுரக் கள்ளி, திருகுக் கள்ளி போன்றவற்றை அறுக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு வரலாம். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

தோட்டத்தில் நட்டிருப்பவர்களுக்கு

வரப்பிலோ தனி நிலத்திலோ கற்றாழை நட்டிருப்பவர்களுக்கும் அடிப்படை இதுவே. மழை நீர் இரண்டாம் நாளும் தேங்கும் பள்ளத்தில் கற்றாழை வேண்டாம். பார் பிடித்து, பாரின் மேல் இரண்டு அடி இடைவெளியில் நடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் வடிகாலைச் சீர் செய்யுங்கள். அழுகிய செடியை மண்ணோடு அகழ்ந்து அப்புறப்படுத்தி, அந்தக் குழியையும் சுற்றியுள்ள செடிகளின் அடியையும், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு கரைத்த நீரால் நனைத்தால் பரவுவது குறையும். வீட்டுக்கும் மாட்டுக்கும் மடல் எடுக்கும் செடிக்கு இந்த மருந்து வேண்டாம். அங்கே கத்தியும் உலர்வும் போதும். மருந்து ஊற்றிய செடியின் மடலை உடனே பயன்படுத்தவும் கூடாது.

ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, நடவுக்கு முன் இடுவது நல்ல முன்னேற்பாடு. மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வாங்குபவர் யார், என்ன விலை என்று எழுத்தில் உறுதியாகாமல் கற்றாழையைத் தனிப் பயிராக ஏக்கர் கணக்கில் நட வேண்டாம். கன்று விற்பவரின் வாக்குறுதி அறுவடைக்கு விலை ஆகாது.

இனி அழுகாமல் இருக்க

விரல் இரண்டு கணு ஆழத்தில் ஈரம் தென்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். கோடையில் வாரம் ஒரு முறை போதும். அடைமழைக் காலத்தில் வாளியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தி விடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கிய நீரைக் கொட்டி விடுங்கள். ஊற்றும் போது மண்ணில் ஊற்றுங்கள், குருத்தில் ஊற்றாதீர்கள்.

அழுகிய செடியின் மடலை மனிதருக்கோ மாட்டுக்கோ பயன்படுத்தக் கூடாது. நல்ல மடலாக இருந்தாலும், அறுத்ததும் வடியும் மஞ்சள் பால் வயிற்றுப் போக்கை உண்டாக்கும். எனவே உள்ளுக்குச் சாப்பிடுபவர்கள் மடலை நிமிர்த்தி வைத்து அந்தப் பாலை வடிய விட்டு, கூழைப் பல முறை கழுவியே எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

மாட்டுக்கு மடிநோய் கண்டால் மூலிகைப் பூச்சோடு நின்றுவிடாமல் கால்நடை மருத்துவரிடமும் காட்டுவது அவசியம்.

அந்த அம்மையாரின் கற்றாழையை அன்று முகாம் நடந்த திண்ணையிலேயே அறுத்தோம். தாய்த் தண்டில் நான்கு விரற்கடையும் குருத்தும் மிஞ்சின. அடியில் இரண்டு சிறு கன்றுகள் கிடைத்தன. மூன்றையும் முறத்தில் வைத்துக் கொடுத்து, “பொங்கல் வரை தண்ணீர் காட்டாதீர்கள், அம்மா” என்று சொன்னேன். அவர் நம்பாமல்தான் வாங்கிப் போனார்.

பங்குனியில் மீண்டும் அந்த ஊருக்குப் போனேன். கன்றுகளில் ஒன்று பிழைக்கவில்லை. மற்றொரு கன்றும் தாய்ச் செடியும் வேர் பிடித்து, தாய்ச் செடி இரண்டு புது மடல்கள் விட்டிருந்தது. “பசுவுக்கு அறுக்கிற அளவுக்கு இன்னும் வளரலை, ஐயா. இப்ப ரெண்டு இடத்தில் வெச்சிருக்கேன். ஒண்ணு எங்க வீட்டில், ஒண்ணு நாத்தனார் வீட்டில்” என்றார்.

நான் சொல்ல மறந்த யோசனை அது. நல்ல செடி எதுவானாலும் ஒரே தொட்டியில் வைத்திருக்காதீர்கள். இந்த மழைக்கு முன்பே ஒரு கன்றைப் பிரித்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்து வையுங்கள். உங்கள் செடி அழுகினாலும், கேட்டு வாங்க ஓர் இடம் இருக்கும்.